திரையில் காணும் பெயர்

மகள் ஜெயித்துப் பதினோரு நாள் ஆகியும் அவள் ஜெயிக்கவில்லை.

போட்டி நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர்த் தொட்டிச் சாலையில். பெண்கள் நடைப்போட்டி, இருபது கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர் சுற்றை இருபது தடவை சுற்ற வேண்டும். ஓடக் கூடாது. எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், ஊன்றுகிற முழங்கால் மடங்கக் கூடாது. இப்படி நடந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஒடியும். அதைப் பார்த்துத் தெருவில் அவளுக்கு வைத்த பேர் வாத்து. பதினாலு வருஷமாக வாத்து வாத்து என்று கேட்டுக்கொண்டே காலையில் நடந்து, ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் எட்டு மணி நேரம் நின்று போர்வை மடித்து, சாயங்காலம் மறுபடியும் நடந்தவள். வயது முப்பத்தொன்று. வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் அணியில் பெண்கள் நடைக்கு ஒரே ஓர் இடம். இதில் ஜெயிப்பவளுக்கு அது. அடுத்தது நாலு வருஷம் கழித்து. அப்போது அவள் முழங்கால் அவள் பேச்சைக் கேட்கும் என்று டாக்டரே சொல்லவில்லை.

அவள்தான் முதலில் வந்தாள். அடுத்தவள் நாற்பது விநாடி பின்னால். அப்பா பூட்டு ரிப்பேர்க்காரர், கடையைச் சாத்திவிட்டு ஈரத் துண்டோடு கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மகள் கோட்டைத் தாண்டிக் கையை உயர்த்தினாள். நடைச் சங்கத்து ஆள் ஒருவர் ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"இப்பவே சந்தோஷப்படாதீங்கம்மா. இன்னும் ஒளிபரப்பாகல."

சங்கத்துக்கும் தொலைக்காட்சிக்கும் ஒப்பந்தம் இருந்தது. அதில் விதி பதினான்கு இப்படிச் சொன்னது: ஒளிபரப்பில் வெளியான முடிவே முடிவு; வெற்றிக்கோட்டின்போது திரையில் காணும் பெயரே வெற்றியாளர் பெயர். முடிவு முன்னாலேயே கசிந்தால் பார்க்கிறவர்களுக்கு விறுவிறுப்பு போய்விடுமாம். ஆகையால் பதக்கத்தை ஓர் உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். நடுவர்கள் ஏழு பேரும் "நான் எதையும் பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாவதாக வந்த பெண் ஓரமாக உட்கார்ந்து அழுதாள். அவளிடமும் ஒருவர் போய், தோற்றது இன்னும் உறுதியாகவில்லை, பொறுத்து அழலாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஒளிபரப்பு அன்றைக்கே மாலை நாலு மணிக்கு. பூட்டுக்காரர் வீட்டில் மூன்று பேரும் மூன்றரைக்கே உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கு முன்னால் பெரிய ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு வேறு பேர் உண்டு, யாரும் சொல்வதில்லை. ஆட்டம் என்றாலே அதுதான்; மற்றதெல்லாம் சின்ன விளையாட்டு. மூன்று ஐம்பதுக்கு அங்கே மழை பிடித்துக்கொண்டது. ஆட்டக்காரர்கள் உள்ளே போனார்கள். மைதானத்தில் தார்ப்பாய் விரித்தார்கள். இனி நம்முடையதைப் போடுவான் என்று பூட்டுக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

போடவில்லை. தார்ப்பாயைக் காட்டினார்கள். கோட்டுப் போட்ட இரண்டு நிபுணர்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். மழை இந்தப் பக்கத்திலிருந்து பெய்வது நல்லதா, அந்தப் பக்கத்திலிருந்து பெய்வது நல்லதா என்று ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. தார்ப்பாயில் தேங்கின தண்ணீரை நாலு ஆள் தள்ளினார்கள். அதை மெதுவாக்கி இன்னொரு தடவை காட்டினார்கள். அடியில் ஒரு வரி ஓடியது: பெண்கள் நடை, சற்று நேரத்தில்.

"தார்ப்பாயப் போய் யாருடி பாப்பாங்க?" என்றாள் மனைவி.

"நாமதான் பாத்துட்டிருக்கோம்" என்றாள் மகள்.

சற்று நேரம் செவ்வாய்க்கிழமைக்குப் போனது. செவ்வாய்க்கிழமை பெரிய ஆட்டத்தின் கேப்டனுக்கு முழங்காலில் வலி. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நேரலை. உள்ளே இருந்த முழங்காலை யாரும் பார்க்கவில்லை, கேட்டைக் காட்டினார்கள். சற்று நேரம் வியாழனுக்குப் போனது. வியாழக்கிழமை, முழங்கால் நன்றாக இருந்த காலத்தில் கேப்டன் ஆடிய பதினோரு வருஷத்துப் பழைய ஆட்டத்தை, ரசிகர்களின் வேண்டுகோளுக்கு இணங்க, முழுசாகப் போட்டார்கள். அணிப் பட்டியலை அனுப்பக் கடைசி நாள் அதற்கு அடுத்த வியாழன், மாலை ஐந்து மணி.

வெள்ளிக்கிழமை பூட்டுக்காரர் சங்கத்துக்குப் போனார். செயலாளர் மேசைக்குப் பின்னால் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் பதிவு எழுத்தர், ஒரு பெரிய நோட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, என் பொண்ணு ஜெயிச்சது..."

"இன்னும் பதிவாகலீங்க."

பூட்டுக்காரர் படித்தது அஞ்சாங்கிளாஸ். பதிவாகவில்லை என்றால் படம் பிடிக்கவில்லை என்றுதான் அவருக்குப் புரிந்தது. இரண்டு பஸ் மாறி தொலைக்காட்சி அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே வரவேற்பறைப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துச் சிரித்த முகத்தோடு சொன்னாள்: "பதிவு இருக்குங்களே. பத்திரமா இருக்கு." அவர் மறுபடி இரண்டு பஸ் மாறினார்.

"பதிவு இருக்காம்யா."

"அது அவங்க பதிவு. நான் சொல்றது எங்க பதிவு."

"ரெண்டும் ஒரே நடைதானே?"

"பெரியவரே," என்று செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "முன்ன எல்லாம் நாங்க பாட்டுக்குப் போட்டி நடத்துவோம். யார் முதல்ல வந்தாங்களோ அவங்கதான் முதல்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவோம். அப்படி ஒரு காட்டுமிராண்டித்தனமான காலம். இப்ப ஒரு ஒழுங்கு வந்திருக்கு. எது நடந்ததுன்னு நாம சொல்லக் கூடாது. அவங்க சொல்லணும், நாம கேட்டு எழுதிக்கணும். நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"நடையில ஜெயிச்சவள நடைமுறையில தோக்கடிக்கிறீங்க."

"நல்லா பேசறீங்க" என்று பாராட்டினார் செயலாளர். பதிவு எழுத்தர் நோட்டின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

சனிக்கிழமை மறுபடி தொலைக்காட்சி. இந்தத் தடவை நேர ஒதுக்கீட்டு அதிகாரியைப் பார்க்காமல் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் ஒரு கதவிலும் சாவித்துவாரம் இல்லை. எல்லாம் அட்டையைக் காட்டினால் திறக்கிற கண்ணாடி. சாவித்துவாரம் இல்லாத கதவுக்குப் பின்னால் இருக்கிறவனை நம்பக் கூடாது என்பது அவர் தொழில் அவருக்குக் கற்றுக் கொடுத்தது. நாலு மணி நேரம் கழித்து உள்ளே விட்டார்கள். சுவரில் ஆறு திரைகள். ஆறிலும் ஆஸ்பத்திரி கேட்.

அதிகாரி சின்ன வயசுக்காரர். எழுந்து நின்று வணக்கம் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பூட்டுக்காரருக்கு இன்னும் சந்தேகமாகிவிட்டது.

"சின்ன விளையாட்டு மேல எங்களுக்கு அவ்வளவு மரியாதைங்க. அதனாலதான் அதை அடிக்கடி எடுத்துத் தொந்தரவு பண்றதில்ல."

"ஞாயித்துக்கிழமை மழையத்தானே காட்டினீங்க. அந்த நேரத்துல போட்டிருக்கலாமே."

"மழையைப் பாத்தவங்க எத்தனை பேர் தெரியுங்களா? நானே நம்பல. அதுவும் தார்ப்பாய் மடங்கின எடத்துல எண்ணிக்கை மேல போயிருக்கு. அது ஈரமான தார்ப்பாய் இல்லீங்க, அதுக்குக் கீழ ஆட்டம் இருக்கு. உங்க பொண்ணு நடக்கறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாரும்தானே நடக்கறாங்க. நான்கூட கார்லேருந்து இங்க நடந்துதான் வந்தேன்."

"இருபது கிலோமீட்டரா?"

அதிகாரி அதைக் காதில் வாங்காமல் ஒரு தாளை எடுத்தார். "ஆனா வழி இருக்கு. வீட்டுல ஏதாவது துக்கம் இருக்கா? ஒரு துக்கம் இருந்தா நேரம் வாங்கித் தர்றது எனக்குச் சுலபம். அம்மா எப்படி இருக்காங்க?"

"மூட்டு வலி."

"பத்தாதுங்க. நீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"சரி, பாப்போம்" என்று அதிகாரி வருத்தத்தோடு எழுதிக்கொண்டார்.

எப்படியோ, நேரம் கிடைத்தது. கடைசி நாள் வியாழன், பகல் மூன்று மணி முதல் மூன்று இருபத்தாறு வரை. மகள் அரை நாள் லீவு போட்டாள். அவளும் அப்பாவும் சங்க அலுவலகத்துக்கே போய், செயலாளரோடும் எழுத்தரோடும் உட்கார்ந்தார்கள். எழுத்தர் நோட்டைத் திறந்து, "முதலிடம்" என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்துவிட்டு, பேனாவைத் திறந்தபடி திரையைப் பார்த்தார்.

ஒன்றரை மணி நேர நடையை இருபத்தாறு நிமிஷத்துக்குள் அடைக்க வேண்டுமே. பாதியை வெட்டி, மீதியை வேகமாக ஓட்டியிருந்தார்கள். திரையில் பெண்கள் வெறி நாய் துரத்துகிற மாதிரி போனார்கள்.

"இது ஓடற மாதிரியில்ல இருக்கு" என்றார் எழுத்தர். "ஓடினா தகுதி நீக்கம்." செயலாளரும் இழுப்பறையைத் திறந்து சிவப்பு அட்டையைத் தேட ஆரம்பித்தார்.

"படத்த வேகமா விட்டிருக்கான்யா" என்று பூட்டுக்காரர் திரையைத் தட்டினார். "அந்தத் தொட்டி மேல பறக்கற காக்காயப் பாருங்க. அதுவும்தான் அம்பு மாதிரி போகுது."

"காக்கா நம்ம சங்கத்துல உறுப்பினர் இல்லீங்க" என்றார் செயலாளர். ஆனாலும் அட்டையைக் கீழே வைத்தார். அது அவர் செய்த நல்ல காரியம், எழுதி வைக்கிறோம்.

மூன்று இருபத்தைந்து. கடைசிச் சுற்று. மகள் தனியாக வந்தாள். நாடா தெரிந்தது. மகள் தன்னைத்தானே திரையில் பார்த்தபடி நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் இருபது அடி. பத்து அடி.

திரை நீலமானது. நடுவில் வெள்ளை எழுத்து.

தடங்கலுக்கு வருந்துகிறோம்.

அரை நிமிஷம் அது நின்றது. பிறகு கேப்டன் ஆஸ்பத்திரிப் படியில் இறங்கினார். நன்றாகத்தான் இறங்கினார்.

எழுத்தர் திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், குனிந்து எழுதினார். நல்ல கையெழுத்து. முதலிடம்: தடங்கலுக்கு வருந்துகிறோம்.

"அது பேர் இல்லைங்க" என்றாள் மகள்.

"பேரா இல்லையான்னு முடிவு பண்ற அதிகாரம் எனக்கில்லம்மா. கோட்டுல வரும்போது திரையில் காணும் பெயர்னு விதி. கண்டேன். எழுதினேன்."

பூட்டுக்காரர் செயலாளர் மேசையிலிருந்த போனைத் தானே எடுத்து அதிகாரியைக் கூப்பிட்டார். அதிகாரிக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. "எங்க பக்கம் குறையே வைக்கலீங்க. அதுலயே வருந்திட்டோமே" என்றார். திருத்தம் வேண்டுமென்றால் மறு ஒளிபரப்பு வேண்டும். அடுத்த நேரம் மூன்று மாதம் கழித்து. மணி மூன்று ஐம்பது.

செயலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"ஒரு வழி இருக்கும்மா. பட்டியல்ல முதலிடம் யாரோ அவங்கதான் போகணும். பட்டியல மாத்த முடியாது. ஆனா நீங்க மாறிக்கலாம். பேர் மாத்தறது இந்தக் காலத்துல பெரிய விஷயமில்ல. ஒரு உறுதிமொழிப் பத்திரம், ஒரு பத்திரிகை அறிவிப்பு. அவ்வளவுதான்."

"எந்தப் பேரா மாத்தணும்?" என்று கேட்டார் பூட்டுக்காரர். அவருக்குப் புரிந்துதான் இருந்தது. அந்த ஆள் வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்டார். செயலாளர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். வாயால் சொல்லவில்லை.

பட்டியல் நாலு ஐம்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் மனைவி கேட்டதும் கரண்டியை அடுப்பு மேலேயே விட்டுவிட்டாள். "தடங்கல்னு ஒண்ணு எனக்குப் பொறந்துதுன்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்ல? உங்களுக்குப் புத்தி எங்க போச்சு? அப்பன்னு போனீங்களே, நோட்டப் புடுங்கிக் கிழிச்சிருக்க வேணாம்?"

"கிழிச்சா, கிழிஞ்சத ஒளிபரப்புல காட்டினாத்தான் கிழிஞ்சதா அர்த்தம்டி."

மகள் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தாள். "விடும்மா. வாத்துன்னு கூப்பிட்டப்பவே திரும்பிப் பாத்தவதானே நான். இதுக்கும் திரும்பிப் பாத்துட்டுப் போறேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் போனா சரி."

"நாள பின்ன என் பேத்தி பள்ளிக்கூடத்துல அம்மா பேர் என்னன்னு கேட்டா?"

"முதல்ல மாப்பிள்ளை பாரு. அவன் கேக்கட்டும்."

அன்று அந்த வீட்டில் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் மனைவி பாதியிலேயே அழுதுவிட்டாள்.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அங்கிருந்த அம்மாள் இதைவிட மோசமான பேரெல்லாம் பார்த்தவள் போலிருந்தது. படிவத்தில் பேர் ஒரு கட்டம், குடும்பப் பேர் ஒரு கட்டம். ஆகவே "தடங்கலுக்கு" என்பது பேர், "வருந்துகிறோம்" என்பது குடும்பப் பேர் என்று பிரித்துக் கொடுத்தாள். பிறகு பூட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நீங்களும் வருந்துகிறோமா?"

"ஆமாங்க," என்றார் அவர். "குடும்பமே அதான்."

பயிற்சி முகாமில் சுருக்கமாக வருந்தி என்று கூப்பிட்டார்களாம். மேல்சட்டையின் முதுகில் முழுப் பேரும் தைக்க இடம் போதாமல் இரண்டு வரியாகத் தைத்தார்கள். விமான நிலையத்தில் ஒலிபெருக்கியில் அவளைக் கூப்பிட்டபோது, காத்திருந்த ஜனமெல்லாம் விமானம் தாமதம் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டது. மகள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

போட்டி நடந்த அன்று பெரிய ஆட்டம் இல்லை. கேப்டன் முழங்கால் முழுசாகக் குணமாகி ஓய்வில் இருந்தார். மழையும் இல்லை. நேர ஒதுக்கீட்டு அதிகாரியே கடைக்குப் போன் செய்தார்.

"நேரலைங்க. பகல் ரெண்டு மணிக்கு. ஒரு நிமிஷம்கூட வெட்ட மாட்டோம். ஒவ்வொருத்தர் பேரையும் தமிழ்ல, பெரிய எழுத்துல போடச் சொல்லியிருக்கேன். என் சொந்தப் பொறுப்பு."

பூட்டுக்காரர் நம்பவில்லை. ஆனாலும் டி.வி.யைக் கடை வாசலில் தூக்கி வைத்தார். இஸ்திரிக்காரர் வந்தார், டீக்கடைக்காரர் வந்தார், வாத்து என்று முதன்முதலில் பேர் வைத்த டெய்லரும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு வந்து நின்றார். இருபது பேர் இருக்கும். சொன்னபடி இரண்டு மணிக்குத் தொடங்கியது. வெட்டவில்லை, வேகமாக்கவும் இல்லை. மகள் முதலில் பத்தாவதாகப் போனாள். எட்டாவது சுற்றில் ஆறாவது. பத்தாவது சுற்றில் நாலாவது. மனைவி வாய்க்குள் முந்தானையை வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். பதினோராவது சுற்றில், தண்ணீர் வாங்கும் மேசையைத் தாண்டி, மகள் முன்னால் போன மூன்று பேரோடு போய் ஒட்டிக்கொண்டாள். கேமரா அவளிடம் போனது. முகம் திரை முழுக்க வந்தது. டெய்லர், "அடி சக்கை" என்றார். முகத்துக்குக் கீழே பேர் வந்தது, தமிழில், பெரிய எழுத்தில்.

தடங்கலுக்கு வருந்துகிறோம்.

தொலைக்காட்சிக் கட்டுப்பாட்டு அறையில் அன்று வேலையில் இருந்தவருக்கும் ஒரு விதி உண்டு. அந்த எழுத்து திரையில் தெரிந்தால் வெளியிலிருந்து வரும் இணைப்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே அதைத் துண்டித்துவிட்டு முழுத்திரை அறிவிப்பைப் போட வேண்டும். பன்னிரண்டு வருஷமாக ஒரு தவறு இல்லாமல் அந்த வேலையைப் பார்த்தவர். இன்றும் தவறவில்லை. மகள் முகம் போனது. நீலம் வந்தது. பேர் மட்டும் அப்படியே, இன்னும் பெரிதாக, நடுவுக்கு வந்து நின்றது.

"போச்சு, தடங்கல் ஆயிடுச்சு" என்றார் இஸ்திரிக்காரர். "வந்தா ஒரு குரல் குடுங்க. துணி கிடக்குது."

"தடங்கல் இல்லய்யா. அது என் பொண்ணுய்யா. அவ பேருய்யா அது."

இஸ்திரிக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொருவராக எல்லாரும் போனார்கள். பூட்டுக்காரர் அதிகாரிக்குப் போன் போட்டார். அதிகாரி இன்று விடுமுறை, பெரிய ஆட்டம் இல்லாத நாளில் அவர் வருவதில்லை என்றார்கள். மனைவி உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அவர் மட்டும் ஸ்டூலைப் போட்டு நீலத் திரையின் முன்னால் உட்கார்ந்தார்.

மூன்றே முக்காலுக்குப் போன் வந்தது. சங்கத்துச் செயலாளர்.

"வாழ்த்துகள் பெரியவரே. உலகத்துலயே முதலிடம். இப்பதான் பதிவாச்சு. கோட்டுல வர நேரத்துல திரையில உங்க பொண்ணு பேர் ஒண்ணுதான் இருந்துது. எழுத்தர் நோட்டுல ஏத்திட்டாரு."

அவர் போனை வைத்தார். அரை மணி கழித்து மகள் கூப்பிட்டாள். பின்னால் ஒரே சத்தம், யாரோ வேறு பாஷையில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, மூணாவது வந்தேம்ப்பா. கடைசி இருநூறு மீட்டர்ல ஒருத்திய முந்திட்டேன். மெடல் போட்டாங்கப்பா, கழுத்துல."

"கேக்குதும்மா. சொல்லு."

"இப்ப சங்கத்துலேருந்து போன் வந்துச்சு. பதிவுல நான் முதல்னு இருக்காம். மூணாவது மெடல் வேற யாரோடதோவாம், கழட்டி உறையில போட்டு இங்கயே குடுத்துட்டு வரச் சொல்றாங்க. முதல் மெடலக் கேட்டா இந்த ஊர்க்காரங்க தர மாட்டாங்க, அதை முதல்ல வந்தவகிட்டக் குடுத்துட்டாங்க. நான் என்னப்பா பண்ணட்டும்?" மூச்சு வாங்கினாள். "டி.வி.ல என்னதாம்ப்பா வந்துச்சு?"

திரை இன்னும் மாறவில்லை.

"உன் பேரு வந்துச்சும்மா."

"அப்புறம்?"

"அப்புறமும் அதான்."